எல்லாரும் கரை திரும்ப வேண்டும்: ‘சேக்ரட் ஸ்டோன்ஸ்’ ஆடத் தொடங்குகிறவர்களுக்கு

ஏப்ரல் 15 ஆகிவிட்டால் எங்கள் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாக நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரியவர்களுக்கு வலை பொத்த, என்ஜின் பிரிக்க, படகுக்குப் பெயின்ட் அடிக்க என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த இரண்டு மாத மாலைகளும் திண்ணையில்தான் கழியும். பக்கத்தில் ஒரு தம்ளர் டீ, கையில் பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி. அதில் ஒரே ஒரு கேம்: ‘ஃபயர் எம்ப்ளம்: தி சேக்ரட் ஸ்டோன்ஸ்’.

போன தடைக்காலத்தில் இரண்டு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவன் சித்தப்பா மகன், ஏழாம் வகுப்பு; இங்கே சின்னவன் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் எங்கள் மதினி, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் சின்னவன் எத்தனை தடவை தோற்றான் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மதினி தோற்றது இரண்டே தடவை. வீடியோ கேம் என்று அவர் அதற்குமுன் தொட்டதே இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்ததில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோவுக்காக இண்டெலிஜெண்ட் சிஸ்டம்ஸ் செய்த தொடர் இது. 1990இல் ஜப்பானில் தொடங்கியது. ‘சேக்ரட் ஸ்டோன்ஸ்’ அதில் எட்டாவது. ஜப்பானில் 2004இலும் அமெரிக்கா, ஐரோப்பாவில் 2005இலும் வந்தது. மாக்வெல் என்ற கண்டம், அதில் புனிதக் கற்களைக் காக்கும் ஐந்து நாடுகள். அதுவரை நட்பாக இருந்த கிராடோ பேரரசு திடீரென்று ரெனாய்ஸ் நாட்டுக்குள் நுழைகிறது. அரண்மனையைவிட்டுத் தப்பி ஓடும் இளவரசி எய்ரிக்கா, எங்கோ போர்முனையில் இருக்கும் அவளுடைய இரட்டைச் சகோதரன் எஃப்ரைம், இவர்கள் இருவரின் கதை. ஆட்டம் கட்டம் போட்ட களத்தில் நடக்கும். உங்கள் ஆட்கள் எல்லாரையும் நீங்கள் நகர்த்தி முடித்த பிறகு எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். அதனால் விரல் வேகம் ஒரு பைசாவுக்கு உதவாது. கோயில் மண்டபத்துத் தரையில் ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? பாதி வழி தாண்டிவிட்டீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். இதில் செத்தவர் செத்தவர்தான். அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரமாட்டார்.

கருவியும் கார்ட்ரிட்ஜும்

கேம்பாய் அட்வான்ஸ், அதன் மடக்கு வகையான எஸ்பி, பழைய நிண்டெண்டோ டிஎஸ், டிஎஸ் லைட் இவை நான்கிலும் இந்த கார்ட்ரிட்ஜ் நேரடியாகப் போகும். டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டிலும் அதற்கான வாயே கிடையாது. பெயரில் டிஎஸ் இருக்கிறதே என்று வாங்கி ஏமாறாதீர்கள். என்னைக் கேட்டால் எஸ்பி. முதல் கேம்பாய் அட்வான்ஸுக்கு இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும், திரையில் விளக்கும் இல்லை. எஸ்பியில் சார்ஜ் ஏறும் பேட்டரி, திரை விளக்கு இரண்டும் உண்டு. புதிதாக இருந்தபோது விளக்கோடு பத்து மணி நேரம் வரும் என்று சொன்ன பேட்டரி. கரண்ட் போன ராத்திரிக்கு வேறென்ன வேண்டும்?

என்னுடையது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜ் அப்படி வரவில்லை. வெளியூரில் ஒரு கடையில் வாங்கினேன். பளபளவென்று அட்டை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயம் முடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் ‘நியூ கேம்’ மட்டும்தான் இருக்கிறது. போலி கார்ட்ரிட்ஜ். இந்த கேமுக்குப் போலிகள் ஏராளம். அதனால் எங்கே வாங்கினாலும் முதல் அத்தியாயம் முடித்துச் சேமித்து, அணைத்து, ஒரு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். சேமிப்பு அப்படியே இருந்தால் மேற்கொண்டு நேரம் செலவழியுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் வீட்டில் ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் உதிர்கிறது. கார்ட்ரிட்ஜின் செம்புப் பட்டைகள் எம்மாத்திரம்? உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும், ஆன் செய்தால் வெள்ளைத் திரை வரும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் கெடுக்கும். செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைக் காதுகுடையும் பஞ்சில் தொட்டு, பட்டைகள் மேல் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். ஆடாத நாளில் இறுக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அது முறுக்கு டப்பா.

தொடக்கத்தில் தெரிய வேண்டிய பட்டன்கள்

‘ஈஸி’, ‘நார்மல்’, ‘டிஃபிகல்ட்’ என்று மூன்று நிலை கேட்கும். ‘ஈஸி’யில் கேமே கையைப் பிடித்துப் பாடம் நடத்தும். ஆங்கிலம் படிக்கச் சலிப்பில்லை என்றால் அதையே எடுங்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதானால் ‘நார்மல்’ போதும்.

ஏ பட்டன் தேர்ந்தெடுக்க, பி பட்டன் பின்வாங்க. ஆளை நகர்த்திய பிறகும் ‘வெயிட்’ கொடுக்காத வரை பி அழுத்திப் பழைய இடத்துக்கே கூட்டிவரலாம். எல் அழுத்தினால் இன்னும் நகராத ஆளிடம் அம்பு, அதாவது கர்சர், போய் நிற்கும். ஆர் அழுத்தினால் யாரைப் பற்றியும் முழு விவரம் வரும். இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பலர் மாதக் கணக்கில் கண்டுபிடிப்பதில்லை: எதிரியின் மேல் அம்பை வைத்து ஏ அழுத்துங்கள். அவன் எதுவரை வர முடியும், எதுவரை அடிக்க முடியும் என்று கட்டங்கள் நிறம் மாறிக் காட்டும். மதினி இந்த ஒரு பட்டனில்தான் ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வா – கோ – ஈ

வாள் கோடாரியை வெல்லும், கோடாரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். ‘வா கோ ஈ, வா கோ ஈ’ என்று சின்னவன் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வென்ற ஆயுதத்துக்கு அடி விழும் வாய்ப்பு 15 கூடும், சேதம் 1 கூடும். தோற்ற ஆயுதத்துக்கு அதே அளவு குறையும். வில்லுக்கு இந்த வட்டத்தில் இடமில்லை. மந்திரங்களுக்குத் தனி வட்டம் உண்டு: இயற்கை மந்திரம் ஒளியை, ஒளி இருளை, இருள் இயற்கையை. தொடக்கத்தில் இது பெரிதாகத் தேவைப்படாது.

வட்டத்தை மீறும் ஆயுதங்கள் சில இருக்கின்றன. எய்ரிக்காவிடம் தொடக்கத்திலேயே ஒரு மெல்லிய வாள் இருக்கும், ரேப்பியர். கவசக்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் அது எமன். முதல் அத்தியாயத்தின் தலைவன் ப்ரெகே கோட்டை வாசலில் கவசத்தோடு, ஈட்டியோடு நிற்பான். ஈட்டிக்கு முன் வாள் தோற்கும் என்றுதான் இப்போது படித்தோம். ஆனாலும் ரேப்பியர் அந்தக் கவசத்தைத் துளைக்கும். மற்றவர்களை வைத்து முதலில் இரண்டு அடி அடித்துவிட்டு, கடைசி அடியை எய்ரிக்காவுக்கு விடுங்கள். வாசல் கட்டத்தில் ஏறி ‘சீஸ்’ கொடுக்கவும் அவளால்தான் முடியும்.

சண்டைக்கு முன் வரும் சின்னப் பெட்டி

‘அட்டாக்’ கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும். சின்னவன் அதைப் பார்க்காமலே ஏ அழுத்துவான். அதுதான் முழுக் கணக்கு.

சேதம் என்பது பலமும் ஆயுதத்தின் வலுவும் சேர்ந்தது, அதிலிருந்து எதிரியின் தற்காப்பைக் கழிக்க வேண்டும். எய்ரிக்காவின் தொடக்கப் பலம் 4. ரேப்பியர் வலு 7. மொத்தம் 11. எதிரி கோடாரிக்காரன் என்றால் வா கோ ஈப்படி 1 கூட்டுங்கள், 12. அவனுக்குத் தற்காப்பு 2 என்று வைத்தால் ஓர் அடிக்கு 10. இப்போது வேகத்தைப் பாருங்கள். உங்கள் வேகம் அவனைவிட 4 கூடுதலாக இருந்தால் இரண்டு அடி. எய்ரிக்காவின் வேகம் 9. அவனுடையது 5 அல்லது அதற்குக் கீழே என்றால் 20 சேதம். ஒரே சண்டையில் இருபது உயிர்ப் புள்ளி போய்விடும். இந்தக் கேமில் பாதி வெற்றி இந்த 4 என்ற எண்ணில் இருக்கிறது.

கனமான ஆயுதம் இதைக் கெடுக்கும். ஆயுதத்தின் எடை ஆளின் உடல்கட்டைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வேகம் குறையும். எய்ரிக்காவின் உடல்கட்டு 5. ஸ்டீல் வாளின் எடை 10. தேர்ச்சி ஏறி அதைப் பிடிக்கும் நிலைக்கு வந்தாலும், கையில் எடுத்த நிமிஷமே 5 வேகம் போச்சு. பெரிய வாள் கொடுத்தால் பெரிய வீரன் என்று சின்னவன் நினைத்தான். சின்னப் பையன் கையில் பெரிய துடுப்பைக் கொடுத்த கதைதான்.

அப்புறம் அந்த சதவீதம். பெட்டியில் 70 என்று போட்டிருந்தால் அது உண்மையில் 70 கிடையாது. கேம் உள்ளுக்குள் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கிறது. அதனால் 50க்கு மேலே இருப்பது இன்னும் மேலே போகும், கீழே இருப்பது இன்னும் கீழே போகும். 70 என்றால் ஏறத்தாழ 82, 80 என்றால் 92, 90 என்றால் 98. மறுபக்கம் 30 என்றால் 18, 20 என்றால் 8. ஆகவே எதிரிக்கு 30 காட்டினால் கொஞ்சம் துணிந்து நிற்கலாம். மும்மடங்கு சேதம் தரும் ‘க்ரிட்’டுக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே 5 என்றால் 5தான். எதிரிக்கு க்ரிட் என்று ஏதாவது எண் தெரிந்தால், அது மூன்று மடங்காக விழுந்தாலும் நம் ஆள் பிழைப்பாரா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் முறை எங்கே முடிகிறது

சின்னவன் ஆடும் விதம் இப்படி: யார் அருகில் இருக்கிறானோ அவனை அடி, அடுத்தவனை அடி, ‘எண்ட்’. அவனுடைய முறை முடியும்போது நான்கு ஆட்கள் நான்கு திசையில் நிற்பார்கள். அப்புறம் எதிரியின் முறை. மூன்று கோடாரிக்காரர்கள் சேர்ந்து வந்து ஒருத்தரைச் சூழ்ந்துகொள்வார்கள். “அண்ணே, அநியாயம்ணே!” என்பான்.

மதினி முதல் நாளே வேறு மாதிரி. எதிரிகள் ஒவ்வொருவர் மேலும் அம்பை வைத்து ஏ அழுத்திப் பார்த்தார். தரையில் கிடந்த சோழிகளை எடுத்துத் திண்ணையில் வைத்து, “இவன் இது வரைக்கும் வருவான், இவன் இது வரைக்கும்” என்று கோடு போட்டார். பிறகு கேட்டார்: “தம்பி, ஒருத்தன் மட்டும் வர்ற மாதிரி எங்க நிக்கிறது?”

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடு வைத்திருப்பவர், ஆட்டின் பின்னால் காலி இடம் விட்டால் புலி தாண்டி வெட்டிவிடும் என்று பார்த்துப் பார்த்துத்தானே வைப்பார்? இங்கேயும் உங்கள் ஆட்கள் அடிக்கும் அடியைவிட, முறை முடியும்போது அவர்கள் நிற்கும் இடம்தான் பேசும். செய்முறை இதுதான்:

எதிரியின் எல்லையை எண்ணுங்கள். நடந்து வரும் கோடாரிக்காரன் 5 கட்டம் நடந்து 1 கட்டம் தள்ளி அடிப்பான், ஆக 6. வில்காரனும் மந்திரவாதியும் 5 நடந்து 2 கட்டம் தள்ளி அடிப்பார்கள், ஆக 7. குதிரைக்காரன் 7 நடப்பான். கவசக்காரன் 4 மட்டும்தான், அவனைப் பற்றி அவசரப்பட வேண்டாம்.

உங்களில் தற்காப்புக் கூடிய ஒருவரை மட்டும் அந்த எல்லைக்குள், ஓரமாக ஒரு கட்டம் வையுங்கள். மற்றவர்கள் எல்லாரும் எல்லைக்கு வெளியே. முன்னே நிற்பவர் காட்டில் நின்றால் நல்லது; காட்டுக் கட்டம் 20 தப்பிப்பும் 1 தற்காப்பும் தரும். கோட்டைக் கட்டம் கிடைத்தால் தற்காப்பு 2, உயிரும் கொஞ்சம் ஏறும். எதிரி வந்து அவரை அடிப்பான், அடி வாங்கிக்கொண்டு அவரும் திருப்பி அடிப்பார். இப்போது உங்கள் முறை: வந்தவனைச் சுற்றி எல்லாரும் பாயலாம். அவன் முடிந்ததும் மறுபடி பின்வாங்கி, மறுபடி ஒருத்தர் முன்னே.

சந்து மாதிரி வழி இருந்தால் இன்னும் லேசு. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவசக்காரர் கில்லியம் அந்த லாரி. ஒரு கட்டச் சந்தில் அவரை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சேட்டை என்ன செய்வது

எய்ரிக்காவோடு கூடவே வரும் குதிரை வீரர் சேத். சின்னவன் அவரைச் ‘சேட்டு’ என்றே கூப்பிடுவான், எங்கள் வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. உயிர் 30, பலம் 14, தற்காப்பு 11. தொடக்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் இதற்குக் கீழேதான். பிறகு என்ன, சேட்டு போய் எல்லாரையும் வெட்டுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு அத்தியாயம் நன்றாகப் போகும். அப்புறம் ஒரு நாள் களத்தின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருக்கும், சேட்டு ஒருத்தர்தானே?

சேட்டைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வீம்பு. இந்தத் தொடரில் தொடக்கத்திலேயே வரும் மூத்த வீரர்கள் சிலர் போகப்போக மங்கிவிடுவார்கள், இவர் அப்படி இல்லை. கடைசி வரை உழைப்பார். என் பழக்கம் இது: அவருடைய ஆயுதங்களை ‘டிரேட்’ மூலம் பக்கத்தில் நிற்கும் இளம் குதிரை வீரன் ஃபிரான்ஸிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு முன்னே நிறுத்துவேன். அடி வாங்குவார், திருப்பி அடிக்கமாட்டார். அடித்துக் களைத்து நிற்கும் எதிரிகளை ஃபிரான்ஸ், எய்ரிக்கா, பிறகு சேரும் சின்னப் பிள்ளைகள் முடித்து அனுபவப் புள்ளி எடுப்பார்கள். நிலைமை கை மீறினால் மறுபடி ஆயுதத்தை வாங்கிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும்.

இரண்டாம் அத்தியாயம், நிதானமாக

புதியவர்கள் முதன்முதலில் தடுக்கி விழும் இடம் இது. கொள்ளைக்காரர்கள் ஊர்களை அழிக்க வருகிறார்கள். ராஸ் என்ற பையன் தனியே மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய அப்பா கார்சியா நல்ல கோடாரி வீரர். ராஸ் போய்ப் பேசினால்தான் நம்மோடு சேருவார். ராஸுக்கோ பலம் 5, வேகம் 3, தற்காப்பு 3. ஊதினால் பறந்துவிடுவான்.

இந்த அத்தியாயத்தில்தான் பறக்கும் குதிரைக்காரி வனெஸ்ஸாவும், குணப்படுத்தும் மோல்டரும் சேருகிறார்கள். மலை, காடு எதுவும் வனெஸ்ஸாவுக்குத் தடையில்லை. சின்னவன் அவளைக் கொள்ளைக்காரர்கள் மேல் ஏவினான். அவளிடம் ஈட்டி, அவர்களிடம் கோடாரி. வா கோ ஈ மறந்துபோச்சு. முதல் ஆட்டத்தில் வனெஸ்ஸா போனாள், இரண்டாம் ஆட்டத்தில் ராஸ் போனான், மூன்றாம் ஆட்டத்தில் இருவரும்.

மதினி ‘ரெஸ்க்யூ’ என்ற சொல் மெனுவில் இருப்பதைப் பார்த்து, “இது என்ன தம்பி?” என்றார். பக்கத்தில் நிற்பவரைத் தூக்கிக்கொள்வது என்றேன். தூக்கிக்கொண்டிருக்கும்போது திறமையும் வேகமும் பாதியாகும், ஆனால் உள்ளே இருப்பவரை யாரும் தொட முடியாது. “அப்போ புள்ளைய முதல்ல தூக்கிட்டு வந்துருவோம், சண்டை பிறகு.” வனெஸ்ஸாவைப் பறக்கவிட்டு, ராஸைத் தூக்கி, அடுத்த முறையில் எதிரிகள் எட்டாத பக்கம் கொண்டுவந்தார். அங்கே இறக்கி, பிறகு கார்சியாவிடம் பேசவிட்டார். அப்பனும் மகனும் சேர்ந்த பிறகு சேட்டும் எய்ரிக்காவும் வாளோடு முன்னே போனார்கள். அதற்குள் ஊர்களுக்குள் ஆள் அனுப்பி ‘விசிட்’ கொடுத்துப் பரிசுகளையும் வாங்கியாகிவிட்டது. ஊர் எரிந்த பிறகு போனால் ஒன்றும் கிடைக்காது.

ராஸைக் காப்பாற்றியதற்குப் பலன் உண்டு. பத்தாம் நிலைக்கு வந்ததும் தானாகவே புது கிளாஸுக்கு, அதாவது வேறு வீரர் வகைக்கு, ஏறுவான். எதுவாக என்று நம்மிடம் கேட்கும். கடற்கொள்ளையனாக மாற்றினால் தண்ணீர்க் கட்டங்களில் நடப்பான். சின்னவன் அதை விட்டுவைப்பானா?

மதினியின் கணக்கு

இந்தக் கேமில் ஆயுதம் தேயும். இத்தனை அடி என்று கணக்கு, முடிந்தால் உடைந்துவிடும். இது தெரியாமல் நல்ல ஆயுதத்தையே எப்போதும் எடுப்பதுதான் பொதுவான பிழை. மதினி குழு நோட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதினார். இரும்பு வாள் 460 பொன், 46 அடி. ஓர் அடிக்கு 10. இரும்பு ஈட்டி 360, 45 அடி; ஓர் அடிக்கு 8. இரும்புக் கோடாரி 270, 45 அடி. ஓர் அடிக்கு 6. ஸ்டீல் வாள் 600, 30 அடி. ஓர் அடிக்கு 20. எறியீட்டி 400, 20 அடி, அதுவும் 20. சேட்டு தொடக்கத்தில் வைத்திருக்கும் வெள்ளி ஈட்டி 1200, 20 அடி. ஓர் அடிக்கு 60.

“ஒரு குத்துக்கு அறுபதா? கோழிக்குஞ்ச வெட்ட அருவா எதுக்கு?” என்று அன்றே வெள்ளி ஈட்டியைத் தலைவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவர் கணக்கு சரி. பெரும்பாலான எதிரிகளுக்கு இரும்பு போதும். எடையும் குறைவு, வேகமும் கெடாது. எறியீட்டியும் கைக்கோடாரியும் மட்டும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவை இரண்டு கட்டம் தள்ளியும் அடிக்கும். வில்காரனுக்கும் மந்திரவாதிக்கும் திருப்பிக் கொடுக்க வேறு வழியில்லை. மருந்து புட்டி 300 பொன், மூன்று தடவை, தடவைக்கு 10 உயிர். முன்னே நிற்பவர் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கட்டும்.

இன்னும் சில, போகிற போக்கில்

ஐந்தாம் அத்தியாயத்தில் அரங்கம் ஒன்று இருக்கும், பந்தயம் கட்டிச் சண்டை போடலாம். அங்கே செத்தாலும் நிஜச் சாவுதான். தோற்பது போல் தெரிந்தால் பி அழுத்தி, பந்தயப் பணத்தை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதே களத்தில் ஜோஷுவா என்ற வாள்காரன் எதிரியாக நிற்பான். அவனை வெட்டாதீர்கள், நம் பக்கம் இருக்கும் நதாஷாவை அனுப்பிப் பேசவிடுங்கள். பொதுவாகவே எதிரியின் முகத்துக்குத் தனிப்படம் இருந்தால் வெட்டுமுன் ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

எஃப்ரைம் வரும் சின்ன அத்தியாயத்தில் ஓர்சன் என்பவர் கூட இருப்பார். களம் முடியுமுன் அவரிடம் இருக்கும் நல்ல பொருள்களை, கூடவே இருக்கும் குதிரை வீரன் கைலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் வளர்த்தால் போதும். பத்தாம் நிலையிலேயே கிளாஸ் ஏற்றலாம், இருபது வரையும் காத்திருக்கலாம். காத்திருந்தால் மொத்தத்தில் வளர்ச்சி கூடும், ஆனால் அதுவரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே! குணப்படுத்துகிறவரைச் சீக்கிரம் ஏற்றுங்கள், மற்றவர்களைப் பதினைந்துக்கு மேல் ஏற்றுங்கள் என்பது என் கட்சி. அடுத்தடுத்த கட்டங்களில் முறையை முடிக்கும் சில ஜோடிகளுக்கிடையே நட்பு வளரும், பேச்சும் வரும், சண்டையில் பலனும் உண்டு. அதற்காகவே முறைமேல் முறை வீணாக்க வேண்டாம்.

எட்டாம் அத்தியாயம் முடிந்ததும் வழி பிரியும்: எய்ரிக்கா ஒரு பக்கம், எஃப்ரைம் ஒரு பக்கம். எய்ரிக்காவின் வழி புதியவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். மதினி எஃப்ரைமைத்தான் எடுத்தார். அந்த வழியில் பதினோராம் அத்தியாயம் நடுக்கடலில் ஆவிக் கப்பலோடு சண்டை என்று நான் உளறிவிட்டேன். கடல் என்றால் வேண்டாம் என்பவரா எங்கள் மதினி?

ஆள் போய்விட்டால்

ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கேம் தானாகவே நிலையைக் குறித்துக்கொள்ளும். பேட்டரி போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால்தான் ஆள் செத்த உடனே அணைத்துப் போட்டால் தப்பிக்கலாம் என்பது இங்கே நடக்காது. முழு அத்தியாயத்தையும் முதலிலிருந்து ஆட வேண்டும், இல்லை, போனவரை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். எய்ரிக்காவோ எஃப்ரைமோ போனால் அந்தத் தேர்வுகூட இல்லை, ஆட்டம் அங்கேயே முடிந்தது.

எது சரி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் ஓரிருவரை இழந்தாலும் தொடருங்கள், கதை நகரட்டும் என்பது நான் சின்னவனுக்குச் சொன்னது. மதினியிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஜூன் 13 ராத்திரி அவர் ஆவிக் கப்பலில் இருந்தார். படகுகளுக்கு ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்த நேரம், அண்ணன் ஜெட்டியில். களத்தில் எதிரிகள் கடல் மேலாகப் பறந்து வருவார்கள், ஆகையால் முன்வரிசை பின்வரிசை என்ற கணக்கே செல்லாது. பறக்கிறவர்களுக்கு வில் என்றால் எமன் என்று வில்காரி நெய்மியை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். வில்காரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நிற்பவனைத் திருப்பி அடிக்க முடியாது என்பதை அந்த ஒரு முறை மறந்துவிட்டார். இரண்டு பூதம் சேர்ந்து முடித்துவிட்டன. கப்பலில் மிச்சம் மூன்றே எதிரி.

“விடுங்க மதினி, ஒருத்திதானே” என்றேன்.

“எத்தன பேர் ஏறினோமோ அத்தன பேரும் இறங்கணும்” என்று சொல்லிவிட்டு அணைத்தார். மறுபடி முதல் முறையிலிருந்து. இந்தத் தடவை நெய்மியை நடுவில் வைத்து, சுற்றிலும் கில்லியம், கார்சியா, சேட்டு, கைல். நாலு பக்கமும் ஆள். நடுவிலிருந்து அவள் எய்துகொண்டே இருந்தாள். முடிந்தபோது மணி ஒன்றரை. மதினி முறுக்கு டப்பாவில் கேம்பாயை வைத்து, சிலிக்கா பொட்டலத்தைத் தடவிப் பார்த்து, மூடியை அழுத்தி மூடினார். பிறகு அண்ணனுக்குச் சோறு கட்டப் போனார்.